மேற்கு மலைக்கு விருந்தாளிகள்

தெர்போன் ஊர், தோத் மாதம் 20

தம்பி பிஹோருக்கு, அக்கா தாமின் எழுதுவது.

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாக இல்லை என்று கமூல் சொல்லிவிட்டார். வாரம் ஒருமுறை உங்கள் மலைக்கு ஒட்டகத்தில் தண்ணீர் கொண்டுவருகிற மனிதருக்குக் கண் இருக்கிறதல்லவா. "அக்கா, உங்க தம்பி வாசல்ல நின்னா பின்னால இருக்கற சுவரு தெரியுது" என்றார். அவர் முன்னால் சிரித்து வைத்தேன். உள்ளே போய் அழுதேன்.

நான் அனுப்பிய கூடை அப்படியே திரும்பி வந்தது. வெங்காயம் எல்லாம் முளைவிட்டிருந்தது. இருபத்திரண்டு வருடமாக நீ அந்தப் பழைய கல்லறைக் குகையில் இருக்கிறாய். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டாய், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை. இப்போது ஐந்து நாளாம். இப்படியே போனால் கணக்கு எங்கே போய் முடியும் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

ஊருக்கும் தெரியும். இங்கே உனக்குக் கோடித் துணி நெய்கிறார்கள். பாமோன் பெரியவர் தன் வீட்டு நடுக்கூடத்தில் கட்டில் போட்டாயிற்று. நீ போனபிறகு உன் உடம்பைத் துணி சுற்றி அதில் கிடத்தி விளக்கேற்றுவாராம். அதற்குள் அடுத்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "சாமியார் இருக்கறது எங்க பக்கத்துச் சரிவுல. உடம்பு எங்களுக்குத்தான்" என்கிறார்கள். உன் உடம்பு யாருக்கு என்று இத்தனை பேர் பேசுகிறார்கள். அது சாப்பிட்டதா என்று ஒருவர் கேட்கவில்லை.

துணியின் ஓரப்பட்டையை நான் நெய்ய வேண்டும் என்று நூல் கொண்டுவந்தார்கள். உயிரோடு இருக்கிறவனுக்குக் கோடி நெய்கிற தறி என் வீட்டில் இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

சாப்பிடு, பிஹோர். நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

*

மேற்கு மலை, தோத் 28

அக்காவுக்கு.

கோபப்படாதே. எனக்கு ஒன்றும் இல்லை. காலையில் கயிறு திரிக்கிறேன், மாலையில் வேதத்துச் சங்கீதம் சொல்கிறேன், தூக்கமும் வருகிறது. பாமோன் பெரியவரிடம், அந்தக் கட்டிலில் அவரே படுத்துக்கொள்ளட்டும் என்று சொல்.

நீ கேட்பதால் சொல்கிறேன். பவோபி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிடுவதாக இருக்கிறேன். காரணம் உனக்குத் தெரியும். ஆறு வற்றிய அந்த மூன்றாம் வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது. நம் தங்கை நூபாவுக்கு ஆறு. அவள் தலைமாட்டில் அவள் பங்கு அப்பம் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை என்று அதை எடுத்துத் தின்றேன். மறுநாள் அவள் போய்விட்டாள். அந்த அப்பத்தை நான் இன்னும் திருப்பிக் கொடுத்து முடிக்கவில்லை.

என்னைப் பற்றிப் பயப்படாதே. விருந்தாளி யாராவது வந்தால் நோன்பை விட்டுவிடுவேன். இந்த மலையில் எங்கள் எல்லோருக்கும் அது விதி. நோன்பு நம்முடையது, வந்தவரோ ஆண்டவர் அனுப்பியவர் என்று மூத்தவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு தூரம் யார் வரப்போகிறார்கள்.

எழுதுகிற ஓட்டில் இடம் முடிந்துவிட்டது. உடைந்த பானையில் இதைவிடப் பெரிய துண்டு கிடைக்கவில்லை.

*

தெர்போன், பவோபி 6

அன்புத் தம்பிக்கு.

சரி. இனிமேல் உன்னை வற்புறுத்தமாட்டேன். நீ படித்தவன், மலையில் இருக்கிறவன். நான் தறியில் உட்கார்ந்திருக்கிற விதவை, எனக்கு என்ன தெரியும்.

உன் கடிதத்தில் விருந்தாளி விதி என்று ஒன்று எழுதியிருந்தாயே, கேட்க நன்றாக இருந்தது. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்கிறேன். வருகிறவர் இன்னும் பழைய கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும் அவர் விருந்தாளிதானா? நேற்று வந்தவரே இன்றும் வந்தால்? அவரே சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தால்? நீ எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று அளவு ஏதும் உண்டா?

சும்மா ஒரு ஆர்வம். ஆற்றில் வெள்ளம் வடியத் தொடங்கிவிட்டது. என் முழங்கால் வலி மட்டும் வடியவில்லை.

*

மேற்கு மலை, ஹாத்தோர் 15

அக்காவுக்கு.

நீ இப்படிப்பட்ட விஷயங்களில் அக்கறை காட்டுவது மகிழ்ச்சியாக இருக்கிறது. யாராக இருந்தாலும் விருந்தாளிதான், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும். அளவு ஒரு அப்பம். வந்தவர் தனியாகச் சாப்பிடுகிற கூச்சம் அவ்வளவில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் தின்றால் அது நான் எனக்காகத் தின்றது.

நீ விசாரித்த நேரமோ என்னவோ, இந்த மாதம் விருந்தாளிகள் வந்தபடி இருக்கிறார்கள். முதலில் நம் பாமோன் பெரியவரின் மருமகன் ஒரு பெரிய மூட்டையோடு வந்தார். அன்று புதன்கிழமை, நம்மவர்களுக்கு நோன்பு நாள். "இன்னிக்கு எனக்கு நோன்பு சாமி, நீங்க சாப்பிடுங்க" என்றார். அவர் சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது. இருவரும் மூட்டையைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் எழுந்து போனார்.

அதற்குப்பின் வருகிறவர்கள் யாருக்கும் நோன்பு என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஒரு உப்புமீன்காரர் வந்தார். இந்த மலையில் மீன் வாங்குகிறவர் யார்? பிறகு ஷ்மின் நகரத்து நாவிதர் சரபியோன். முடியே வெட்டாதவர்கள் இருக்கிற இடத்தில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டேன். "காத்து வாங்க வந்தேன் சாமி" என்றார். ஆறு அப்பம் தின்றார். இந்தக் கல்லறைச் சுவரில் பழைய காலத்துக்காரர்கள் விருந்து ஒன்றைத் தீட்டிவைத்திருக்கிறார்கள் என்று உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். சுண்ணாம்பு பூசி மறைத்தும் ஒரு வாத்து மட்டும் மங்கலாகத் தெரியும். சரபியோன் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்து, "சாமி, இது வறுத்ததா, அவிச்சதா?" என்றார். பல வருடத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன். பிறகு அதற்காக மன்னிப்புக் கேட்டு ஜெபம் செய்தேன். முழு மனதோடு கேட்டேன் என்று சொல்ல முடியாது.

ஒன்றுதான் புரியவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, இந்த வருடம் பெருந்தீனிக்காரர்களாகப் பார்த்து ஆண்டவர் ஏன் எனக்கு அனுப்புகிறார்?

*

தெர்போன், ஹாத்தோர் 24

தம்பிக்கு.

ஆண்டவருடைய வழிகள் நமக்கு எப்படிப் புரியும்.

பாவம், வழிப்போக்கர்கள். பசியோடு வருகிறவர்களை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள். நல்ல அகலமாக ஒரு பாய் அனுப்புகிறேன், வருகிறவர் உட்கார வேண்டுமே. இங்கே விதைப்பு முடிந்தது. அப்பியோனின் ஆடு என் தறிப் பாவு நூலில் பாதியைத் தின்றுவிட்டது. அப்பியோனோ, "ஆடுதானேக்கா, அதுக்கு என்ன தெரியும்" என்கிறான். ஆட்டுக்குத் தெரியாது சரி, உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

கமூல் சொன்னார், உன் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறதாம். வெயிலாக இருக்கும்.

*

மேற்கு மலை, கொயாக் 9

தாமினுக்கு.

இன்று குயவர் வீட்டு மருமகன் பெகூஷ் வந்தான். ஒரு அப்பம் தின்றுவிட்டு நான் கையைத் துடைத்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. இருட்டப்போகிறது, கிளம்பு என்றேன். "இன்னொண்ணு சாப்பிடுங்க சாமி. நீங்க ரெண்டு சாப்பிட்டா ஒரு குடம் பீர் தரேன்னு தாமின் அக்கா சொல்லியிருக்காங்க. அந்த நாவிதர் சாப்பிட வைக்கலயாமே, நான் வச்சுக் காட்டறேன்னு பந்தயம் கட்டிட்டு வந்திருக்கேன்" என்றான். அவன்மேல் தப்பில்லை. நல்லவன், மறைக்கத் தெரியாதவன்.

மீன்காரர், நாவிதர், பிறகு வந்த இரண்டு படகோட்டிகள், தும்மிக்கொண்டே இருந்த ஒரு கிழவர், எல்லோரும் உன் ஆட்கள். ஆண்டவர் அனுப்பினார் என்று நான் ஒவ்வொருவரின் காலையும் கழுவினேன். உனக்கு அது விளையாட்டாக இருந்திருக்கிறது.

நீ என் நோன்பைத் திருடிவிட்டாய். அது எனக்காக இருந்தது என்றால் பரவாயில்லை. அது நூபாவுக்கு நான் கொடுத்துக்கொண்டிருந்தது. என்னிடம் இருந்த ஒரே பொருள் அதுதான்.

வாசலுக்குக் கல் வைத்துவிட்டேன். தண்ணீரை வெளியே வைத்துவிட்டுப் போகும்படி கமூலிடம் சொல்லியாயிற்று. இனி யாரையும் அனுப்பாதே.

*

தெர்போன், கொயாக் 14

பிஹோர்,

திருடிதான். ஆமாம். இன்னும் நாற்பது பேரை அனுப்பியிருப்பேன். பக்கத்து ஊர்களில் பெருந்தீனிக்காரர்கள் யார் யார் என்று விசாரித்துவைத்திருந்தேன். விளையாட்டு என்றா எழுதினாய்? ஒவ்வொருவரும் திரும்பி வரும்வரை தறியில் உட்காரமுடியாமல் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்திருக்கிறேன். "சாப்ட்டாரா?" என்பதுதான் அவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி. அவர்களுக்குத் தண்ணீர்கூட அதற்குப் பிறகுதான்.

இப்போது நான் ஒரு சத்தியத்தை மீறப்போகிறேன். அம்மா சாகும்போது என் கையைத் தன் தலைமேல் வைத்து வாங்கிக்கொண்ட சத்தியம். எட்டு வருடம் காப்பாற்றினேன். அதை மீறுவதற்கு என்ன தண்டனை என்று உங்கள் மூத்தவர்களிடம் கேட்டு எழுது. அதைச் செய்துவிடுகிறேன்.

அந்த அப்பத்தை நீ திருடவில்லை.

அன்று காலையிலேயே நூபாவால் விழுங்க முடியவில்லை. நீ வாய்க்காலில் கோரைக்கிழங்கு தோண்டப் போயிருந்தாய். அம்மா அப்பத்தைப் பிய்த்துத் தண்ணீரில் ஊறவைத்து ஊட்டினாள். வாயோரமாக வழிந்து வந்துவிட்டது. மறுபடி ஊட்டினாள். உச்சிப்பொழுதுவரை அதையே செய்தாள். பிறகு நிறுத்திவிட்டு, மீதி அப்பத்தை நூபாவின் தலைமாட்டில் வைத்தாள். என்னிடம் சொன்னாள்: "அவன் பசியோட வருவான். கையில குடுத்தா வாங்கமாட்டான், தங்கச்சிக்குக் குடும்மான்னு சொல்லுவான். வீட்டுல யாரும் இல்லன்னா எடுத்துத் தின்னுவான். வா, நாம கொல்லைக் கதவுக்குப் பின்னால நிப்போம்."

நீ வந்தாய். இந்தப் பக்கம் பார்த்தாய், அந்தப் பக்கம் பார்த்தாய். எடுத்தாய். கதவு இடுக்கில் நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நீ மென்ற ஒவ்வொரு வாய்க்கும் அம்மாவின் வாயும் அசைந்தது. நீ தின்று முடித்தபிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள், உனக்குக் கேட்காமல், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். நானும் கேட்டேன். "ரெண்டுல ஒண்ண நான் கைவிட்டுட்டேன்னு அவனுக்குத் தெரியவேணாம்டி. அவன் முகத்த அப்புறம் நான் எப்படிப் பாப்பேன்" என்றாள். நீ அதைத் திருட்டு என்று நினைத்து மனதுக்குள் வைத்துக்கொண்டு அலைவாய் என்று அவள் நினைக்கவே இல்லை. நீ மலைக்குப் போனபோது ஆண்டவருக்காகப் போகிறாய் என்றுதான் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். நீ நோன்பிருக்கும் காரணத்தை எனக்கு எழுதியதே அவள் போனபிறகுதான்.

எழுதியவுடனே நான் சொல்லியிருக்க வேண்டும். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கா, உயிரோடு இருக்கிறவனா என்று எட்டு வருடம் எனக்குள் இழுபறி. சொல்லாமலே உன்னைச் சாப்பிடவைத்துவிடலாம் என்று பார்த்தேன். அதனால்தான் அந்தத் தீனிக்காரர்கள். நீ கல்லை வைத்துவிட்டாய். எனக்கு வேறு வழியில்லை.

அம்மா உன்னைப் பிழைக்கவைப்பதற்காகத் தன் மனதையே அறுத்துப் போட்டாள். அப்படிக் காப்பாற்றிய உடம்பைத்தான் நீ அங்கே காயப்போட்டுக்கொண்டிருக்கிறாய்.

*

தெர்போன், தோபி 11

தம்பி,

ஒரு மாதம் ஆகப்போகிறது. கடிதத்தைக் கல் இடுக்கில் போட்டதாகக் கமூல் சொன்னார். வெளியே வைக்கிற குடம் காலியாகிறது என்றும் சொன்னார். அதை நம்பித்தான் இருக்கிறேன்.

பதில் எழுத வேண்டாம். ஒரு ஓட்டில் ஒரு கோடு இழுத்து வெளியே வை. போதும்.

*

மேற்கு மலை, மெகீர் 3

அக்கா,

மூன்று ஓட்டில் எழுதினேன். மூன்றையும் உடைத்தேன். ஒன்றில் கோபம் அதிகமாக இருந்தது, ஒன்றில் அழுகை. மூன்றாவதில் உனக்குப் புத்தி சொல்லத் தொடங்கியிருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்தவுடன் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. காலடியில் தரையை உருவிவிட்டது போலத்தான் இருந்தது. நான் திருடவில்லை என்றால் இருபத்திரண்டு வருடமாக இங்கே யாருக்கு என்ன கொடுத்துக்கொண்டிருந்தேன்? ஆண்டவருக்காக இருந்தேன் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாளே, அது இனிமேல்தான் உண்மையாக வேண்டும்.

அம்மா செத்தபோது நான் வரவில்லை. மலையை விட்டு இறங்கக்கூடாது என்று விதி இருப்பதாக உனக்கு எழுதினேன். அப்படி ஒரு விதி இல்லை. செத்த முகமாக இருந்தாலும் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு என் முகத்தைப் பார்க்க வெட்கம். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது அரை நாள் நடை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல் வைத்த இரண்டாம் வாரம், கயிறு திரித்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். காலடிச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சரபியோனின் குரலாக இருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

கல்லை எடுத்துவிட்டேன். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை அக்கா. வேண்டாம் என்ற பிடிவாதம் இல்லை, பழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை அப்பத்தைக் கையில் எடுத்தால் நூபா பார்க்கிறது போல இருக்கிறது. நடந்தது என்னவென்று தெரிந்துவிட்டது. கைக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

மீன்காரரை அனுப்பினாய், நாவிதரை அனுப்பினாய். நீ வரவில்லை. முதல் வருடம் நான்தான் எழுதினேன், பெண்கள் பாதி மலையில் கமூல் தண்ணீர் மொள்கிற கிணற்றைத் தாண்டி வரக்கூடாது என்று. கிணற்றடியில் இருக்கிற மூத்தவரிடம் போய்க் கேட்டேன். அவருக்குத் தொண்ணூறு வயது. "கூடப் பொறந்தவளா? இருபத்திரண்டு வருஷமாவா? நீ சாமியாரா, கல்லாடா?" என்று திட்டினார். கிணற்றடியில் அவர் குடிசை நிழலில் நாம் உட்காரலாமாம். உன் சத்தியத்துக்குத் தண்டனை என்ன என்றும் கேட்டேன். அந்த மலை ஏறி வருகிற முழங்கால் வலியே போதும் என்றார்.

பருப்பு வைத்திருக்கிறேன். சமைத்துப் பல வருடம் ஆயிற்று, நன்றாக இருக்காது. வா. திரும்பிப் போய்ச் சேர்ந்ததும் எழுது என்று இப்போதே சொல்லிவைக்கிறேன், நேரில் மறந்துவிடுவேன்.

*

தெர்போன், மெகீர் 19

தம்பி பிஹோருக்கு, அக்கா தாமின்.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஒட்டகம் வழியெல்லாம் என்னைக் குலுக்கி எடுத்துவிட்டது. கமூலோ, "அக்கா, ஒட்டகம் சரியாத்தான் நடக்குது, நீங்கதான் சரியா உக்காரல" என்கிறார். முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உன்னைப் பார்த்ததைப் பற்றி எழுதத் தெரியவில்லை. கிணற்றடியில் நீ என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாய். என் முகம் அம்மாவின் முகமாக மாறிவிட்டது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். உனக்கு முன்பே எழுதியிருக்கலாம். நீ குனிந்து என் காலைக் கழுவத் தண்ணீர் ஊற்றினாய். விருந்தாளிக்குச் செய்வதுதான், தெரியும். ஆனால் உன் உச்சந்தலை நரைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எனக்கு இருபது வயதுப் பையன்தான் ஞாபகத்தில் இருந்தான்.

இங்கே பாமோன் பெரியவர் வாசலிலேயே நின்று பிடித்துக்கொண்டார். "தம்பி எப்படி இருக்காரு? ரொம்ப மெலிஞ்சுட்டாரா?" என்று ஆசையோடு கேட்டார். இன்னும் முப்பது வருடம் இருப்பான் என்று சொன்னேன். மனிதர் முகம் விழுந்துவிட்டது.

உன் பருப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அடிபிடித்திருந்தது, உப்பில்லை. மூத்தவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆண்டவரே, இவன் இத்தன வருஷம் நோன்பு இருந்ததுல ஆச்சரியமே இல்ல" என்றார். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு மட்டும் மாறவே இல்லை.

பிறகு என் கூடையிலிருந்து நீ அப்பத்தை எடுத்தாய். வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்திருந்தாய். நான் பேசிக்கொண்டே இருந்தேன், அப்பியோனின் ஆடு, புது மதகு, வாயில் வந்ததை எல்லாம். உன் கையைப் பார்த்தால் நீ வைத்துவிடுவாய் என்று பயம். நீ அந்த ஒரு அப்பத்தைத் தின்று முடித்தாய். விருந்தாளிக்காக, விதிப்படி. சரி, இவ்வளவுதான், இதற்கு மேல் ஆசைப்படக்கூடாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எனக்குப் பேசவும் ஒன்றும் மிச்சமில்லை. மூத்தவர் தூங்கிவிட்டார்.

அப்போது உன் கை மறுபடி கூடைக்குள் போயிற்று. நான் ஒட்டகத்தைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.